விசையைத் தட்டினால் மட்டும் நகரும் பழைய லேப்டாப்

பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸை ஏற்றுகிறீர்கள். துவங்கும்போதே திரை பாதியில் உறைந்து நிற்கிறது. சலித்துப்போய் ஏதோ ஒரு விசையைத் தட்டினால் நான்கு வரி நகர்கிறது. கையை எடுத்தால் மறுபடி நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் இது, நேரமாகிவிட்டது என்று பிராசஸரைத் தட்டிச் சொல்லும் டைமர் இன்டரப்ட் தொலைந்துபோகும் கோளாறு.

வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் உறங்கும். உறங்கும் முன் தன்னை எழுப்பச் சொல்லி லோக்கல் ஏபிக் என்ற டைமரில் அலாரம் வைத்துவிடும். பழைய பிராசஸர்கள் பலவற்றில், சி3 எனப்படும் ஆழ்ந்த உறக்கத்தில் அந்த டைமரும் நின்றுவிடும். அலாரமே தூங்கிவிட்டால் எழுப்புவது யார்? நீங்கள் தட்டும் விசைதான். லினக்ஸின் மையமான கெர்னலுக்கு இது தெரியும். ஹெச்பெட் போன்ற வேறொரு டைமரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் உறங்கப் போகும். மதர்போர்டில் பதிந்திருக்கும் துவக்க நிரலான பயாஸ் தரும் தகவல் தவறாக இருந்தால் இந்த ஏற்பாடு குலைகிறது.

(லேப்டாப் ஓடும்போது நேரம் சரியாக இருந்து, அணைத்துப் போட்டால் மட்டும் தவறுகிறதா? அது பயாஸ் பேட்டரி. மேற்கொண்டு படிக்க வேண்டாம்.)

விசையைத் தட்டித் தட்டியே உள்ளே போய், முதலில் எதையும் மாற்றாமல் பாருங்கள். கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள். ‘கேட் /ப்ராக்/இன்டரப்ட்ஸ்’ என்று கொடுத்து, பத்து விநாடி கழித்து மீண்டும் கொடுங்கள். எல்-ஓ-சி என்று தொடங்கும் வரியில் எண்கள் ஏறியிருக்க வேண்டும். மெதுவாக ஏறினால் கவலையில்லை. 2007-இல் வந்த 2.6.21 கெர்னல் முதலே சும்மா இருக்கும்போது டைமர் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அசையாமலே நின்றால்தான் சிக்கல். மாறாக, 9 என்ற எண்ணில் தொடங்கி ஏசிபிஐ (மின் நிர்வாக அமைப்பு) என்று முடியும் வரி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஏறினால் அது இன்டரப்ட் புயல். வேறு நோய், வேறு மருந்து.

அடுத்து ‘டிமெசேஜ்’ பதிவு. கட்டளையின் எழுத்துகள் டி, எம், ஈ, எஸ், ஜி. டிஎஸ்சி (பிராசஸருக்குள் இருக்கும் கடிகாரம்) நம்பத்தக்கதல்ல என்று அதில் ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம். பழைய கணினிகளில் அது வழக்கம். கெர்னல் தானாகவே வேறு கடிகாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். ‘நோபடி கேர்ட்’ என்ற வரிதான் கவனிக்க வேண்டியது. ஒரு தடத்தில் வரும் 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் கெர்னல் அந்தத் தடத்தையே மூடிவிடும். டச்பேடோ வைஃபையோ திடீரென்று செத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

இனி மருந்து. கணினி துவங்கும்போது எதைத் துவக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோலாபிக்_டைமர்’ என்ற அளவுருவை, அதாவது கெர்னலுக்குத் தரும் கட்டளைச்சொல்லை, சேர்த்துவிடுங்கள் (லாபிக்: எல், ஏ, பி, ஐ, சி). எஃப்10 அழுத்தினால் துவங்கும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே என்பதால் தைரியமாகச் செய்யலாம். பலிக்கவில்லையா? அதை எடுத்துவிட்டு ‘பிராசஸர்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ என்று கொடுங்கள் (சிஸ்டேட்: சி, எஸ், டி, ஏ, டி, ஈ). இது ஆழ்ந்த உறக்கத்தையே தடுத்துவிடும். பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும், அடிப்பக்கம் சுடும். ‘நோஏபிக்’ கடைசிப் புகலிடம்.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. நான் ஒருமுறை ஆறு அளவுருக்களை ஒன்றாகத் திணித்தேன். லேப்டாப் ஓடியது, எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

சரியானது கிடைத்ததும் ‘/ஈடிசி/டீஃபால்ட்/கிரப்’ கோப்பில், ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்’ (இது மட்டும் பேரெழுத்தில் இருக்கும்) வரியின் மேற்கோள் குறிகளுக்குள் அதைச் சேர்த்து, டெபியன், உபுண்டுவில் ‘சுடோ அப்டேட்-கிரப்’ கொடுங்கள். மறுபடி துவக்கி, விசையைத் தட்டாமலே ஓடுகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். புதிய கெர்னல் வரும்போது அந்த அளவுருவை எடுத்துவிட்டும் சோதியுங்கள், தேவைப்படாமலே போயிருக்கலாம்.