நீதிபதி மீது புகார்: எதை, யாருக்கு, எப்படி எழுதுவது

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: குறை தீர்ப்பின் மீதா, நீதிபதியின் நடத்தை மீதா?

வரப்புத் தகராறில் உங்கள் சாட்சியை நம்பவில்லை, பத்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பவை தீர்ப்பின் மீதான குறைகள். அதற்கு மேல்முறையீடுதான் வழி. கீழ்மட்ட சிவில் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டின் டிக்ரி (தீர்ப்பை ஒட்டி வரும் உத்தரவு) என்றால் சப் கோர்ட்டில் 30 நாளுக்குள். அங்கும் தோற்று, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள். தீர்ப்பின் நகல் பெறத் தேவைப்படும் நாட்கள் இந்தக் கெடுவில் சேராது, கழித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கழிவு நகல் மனு போட்ட பிறகுதான் தொடங்கும். தள்ளிப்போடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் எந்த இடம் என்பது மாவட்டத்தைப் பொறுத்தது: தஞ்சை மாவட்டக் கும்பகோணத்து வழக்கு அதன் மதுரைக் கிளைக்குப் போகும். பக்கத்திலிருக்கும் வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், அது சென்னைக்கு.

பிழையான தீர்ப்புக்கே நீதிபதிக்குத் தண்டனை என்றாகிவிட்டால், ஊர்ப் பெரிய மனிதருக்கு எதிராக எந்த முன்சீப் துணிந்து டிக்ரி கொடுப்பார்? ஏழைக்குத்தான் நீதிபதியின் சுதந்திரம் அதிகம் தேவை.

லஞ்சம் கேட்டது, சொந்தக்காரர் வழக்கைத் தானே விசாரித்தது, எதிர்த்தரப்பைத் தனியே சந்தித்துப் பேசியது: இவை நடத்தைக் குறைகள். கலெக்டருக்கோ முதல்வருக்கோ எழுதிப் பயனில்லை. அரசியல் சட்டம் 235ஆம் பிரிவின்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. புகாரைத் தலைமைப் பதிவாளர், சென்னை உயர் நீதிமன்றம், சென்னை 600104 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வெறும் கடிதம் போதாது. சத்தியப் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகார்மீது நடவடிக்கை வேண்டாம் என்று இந்தியத் தலைமை நீதிபதி 2014இல் உயர் நீதிமன்றங்களுக்கு எழுதியிருக்கிறார். மொட்டைக் கடிதங்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. வழக்கு எண், தேதி, நடந்தது, உடனிருந்தவர் என ஒரு பத்திக்கு ஒரு சம்பவமாக எழுதுங்கள். அன்றைய உத்தரவின் சான்றிட்ட நகலை இணையுங்கள். ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். தீர்ப்பு தப்பு என்ற வாதத்தையும் சேர்த்தால், தோற்றவரின் ஆத்திரம் என்று மொத்தப் புகாரும் ஒதுக்கப்படும்.

நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுதும் இத்தகைய புகார் அவமதிப்பு ஆகாது. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு காக்கிறது. அதையே வாட்ஸ்அப்பில் பரப்பினால் அந்தக் காப்பு கிடைக்காது.

சிவில் வழக்கு நடந்துகொண்டிருந்தால், வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கோரி சிவில் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றத்தில் தனி மனு போடலாம். வாய்தா தர மறுத்தார் என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

உயர் நீதிமன்ற நீதிபதியை நாடாளுமன்றம் வழியாகத்தான் நீக்க முடியும். தீர்மானம் கொண்டுவரவே மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இதே வழிதான். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீது விசாரணைக் குழு குற்றம் கண்டும், ஆளுங்கட்சியினர் வாக்களிக்காததால் தீர்மானம் தோற்றது. பொறுப்புக்கூறல் மிகவும் பலவீனமாக இருப்பது இந்த மேல்தட்டில்தான்.

குத்தகை வழக்குக்காரர்கள் கவனிக்க: வருவாய் நீதிமன்றத்தில் உட்காருபவர் தனித் துணை ஆட்சியர், வருவாய்த் துறை அதிகாரி. அவர் நடத்தை பற்றிய புகாரை அந்தத் துறை மேலிடத்துக்கே எழுதுங்கள்.