குதிரையை மாட்டுக் கணக்கில் வளர்க்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என நீளும் இந்தப் பாலக்காட்டு எல்லைப் பகுதியில் புதிதாகக் குதிரை வாங்குபவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு கத்தியவாரியையோ நாட்டுக் குதிரையையோ பிடித்து வந்து, தென்னந்தோப்பில் மாட்டுக் கட்டுத்தரையின் ஓரத்திலேயே கட்டிவிடுகிறார்கள். மாட்டைப் பார்த்துப் பழகிய கண் ஓரளவுக்குக் கை கொடுக்கும். தீனியைத் தொடாத விலங்கைக் கண்டதும் மனம் பதறும் பழக்கம் யாருக்கும் வீண் போகாது. ஆனால் எங்கள் பக்கத்தில் குதிரைகளுக்கு நேரும் கேடுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி மாட்டுக்குச் செய்ததை அப்படியே குதிரைக்கும் செய்ததால் வந்தவையே. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை. தின்றதை அசை போட்டு, இரைப்பையிலேயே நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைக்கிறது. குதிரைக்கு இருப்பது உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஒற்றை இரைப்பை. நார்ச்சத்து செரிப்பதெல்லாம் அதற்கப்பால் பெருங்குடலில்தான். மேலும் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறாக உள்ளே போனது திரும்பி வர வழியே இல்லை. எனவே பால் கறக்கும் நேரத்தை ஒட்டிக் காலையும் மாலையும் இரண்டு பெரிய தீனி வைத்துவிட்டு இடையில் வெறும் தொட்டியோடு நிறுத்தி வைப்பது முதல் தவறு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஆறு கிலோ உலர்தீவனம் அல்லது அதற்கு ஈடான பசும்புல், நாள் முழுவதும் கொறிக்கும்படி கிடைக்க வேண்டும். தானியத் தீனியை ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. தானியம் அளவுக்கு மீறினால் வயிற்று வலியோடு நிற்காமல் குளம்பின் உட்பகுதியே அழன்று, குதிரை முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையிலிருந்து முழுதாக மீளும் குதிரைகள் குறைவு.

அடுத்தது நான் செய்த தவறு. மாட்டுக்காக வரப்போரம் போட்டிருந்த கம்பு நேப்பியர் புல்லையே எங்கள் பெட்டைக் குதிரைக்கும் வெட்டிப் போட்டேன். அதோடு அரிசித் தவிடு. மினுமினுப்பாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து இன்ன கால் என்று சொல்ல முடியாதபடி மாற்றி மாற்றி நொண்டியது. கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் மெல்லப் புடைத்தது. பல் கோளாறு என்று எண்ணினேன். மருத்துவர் வந்து முகத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தபோதே, வாயைத் திறந்துகூடப் பார்க்காமல், என்ன புல் போடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட் உப்பு கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகிறது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் அதற்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் சேர்ந்தால், இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கிறது. கரைந்த இடத்தில் நார்த் திசு வளர்ந்து முகம் உப்புகிறது. தவிட்டை நிறுத்தி, அருகம்புல்லுக்கும் சோளத்தட்டுக்கும் மாறி, மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்த பிறகு நொண்டல் நின்றது. முகத்தின் புடைப்பு முழுதாக வடியவில்லை. கோவைப் பக்கம் தாராளமாக விளையும் குதிரைமசால் கால்சியம் நிறைந்தது. பெயரிலேயே குதிரை இருந்தும் அதை நாங்கள் ஆட்டுக்குத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரைதான். ஆனால் கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கை, மாடு தின்கிறதே என்று குதிரைத் தொட்டியில் கொட்டுவதும் வேண்டாம்.

கோழித் தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பண்ணைக் கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மொனென்சின் போன்ற மருந்துகளைத் தீவனத்திலேயே கலப்பதுண்டு. சில மாட்டுத் தீவனங்களிலும் அது இருக்கும். கோழியும் மாடும் தாங்கிக்கொள்ளும் அந்த மருந்து குதிரையின் இதயத் தசையை அழிக்கும். 300 கிலோ குதிரையைக் கொல்ல ஒரு கிராமுக்கும் குறைவான அளவே போதும்; மாற்று மருந்து கிடையாது. ஆகையால் மூட்டையில் மீந்த கோழித் தீவனத்தைக் குதிரைக்குப் போடுவதும், அந்த மூட்டைச் சாக்கையே கழுவாமல் குதிரைத் தீனி வைக்கப் பயன்படுத்துவதும் விளையாட்டல்ல.

மருந்துப் பெட்டியிலும் இதே கதைதான். உண்ணிக்காக மாட்டின் மேல் அடிக்கும் அமிட்ராஸ் கரைசலைக் குதிரையின் மேல் அடித்தால் குடல் அசைவு நின்று, சாணம் கெட்டித்துப் போய்க் கடும் வயிற்று வலி வரலாம். மாட்டுக்குப் போட்டு மீந்த டில்மிகோசின் ஊசி குதிரையின் உயிரையே எடுக்கும். லிங்கோமைசின் கொடுத்தால் பெருங்குடல் அழன்று நிற்காத கழிச்சல் காணும். வீட்டில் இருப்பது மாட்டு மருந்து என்றால், சீட்டு எழுதியவரிடம் குதிரைக்கு ஆகுமா என்று கேட்காமல் மூடியைத் திறக்காதீர்கள். மூங்கில் குழாயில் பெருங்காயமும் நல்லெண்ணெயும் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் வழக்கத்தையும் குதிரையிடம் விட்டுவிட வேண்டும். அண்ணாந்த நிலையில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். வயிற்று வலியில் பிழைத்த குதிரை நான்காம் நாள் நிமோனியாவில் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே கட்டுத்தரையில் கட்டுவது பற்றியும் யோசிக்க வேண்டும். சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைக் கடி ஈக்கள் பரப்புகின்றன. மாடும் எருமையும் வெளியே ஒன்றும் தெரியாமல் அந்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கலாம். குதிரைக்கோ விட்டு விட்டுக் காய்ச்சல், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், தின்றுகொண்டே மெலிவது எனப் போய் உயிருக்கே ஆபத்தாகும். மழைக்கால முடிவில் ஈ பெருகும்போது இந்த அறிகுறிகள் தென்பட்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சந்தையிலிருந்து வந்த குதிரையையும் மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல் மூன்று வாரமாவது தனியே, தனித் தண்ணீர்த் தொட்டியோடு கட்டுங்கள். மூக்கில் சளி ஒழுகி, காலிலோ உடம்பிலோ கட்டி உடைந்து புண்ணாகியிருந்தால் கையால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் பரவக்கூடியது, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியது.

தோப்பில் ஆணி, கம்பி எது குத்தினாலும் மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அப்படிப்பட்ட புண்ணில் புகும் வில்வாதக் (டெட்டனஸ்) கிருமிக்கு வீட்டு விலங்குகளிலேயே மிக எளிதில் பலியாவது குதிரைதான். முதலில் நான்கு வார இடைவெளியில் இரண்டு டெட்டனஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும் ஒன்று. செலவு என்று பார்த்தால் ஒரு மூட்டைத் தவிட்டின் விலைகூட வராது.

குளம்பு விஷயத்தில், ரேக்ளாக் காளைகளுக்கு லாடம் அடிப்பவரையே அழைத்து வரும் வழக்கம் இங்கே உண்டு. பிளவுபட்ட குளம்பில் பழகிய கை, குதிரையின் ஒற்றைக் குளம்பில் ஆணியைச் சற்று உள்ளே இறக்கிவிட்டால் குதிரை மூன்று நாளில் சீழ் வைத்து நொண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குதிரை லாடம் தெரிந்தவர் வந்து சீவ வேண்டும்; நாள்தோறும் குளம்பின் அடியைச் சுரண்டிப் பார்ப்பது உங்கள் வேலை. சாணமும் மூத்திரமும் ஊறிய மாட்டுத் தரையில் நின்றால் நடுவிலுள்ள மெத்தைப் பகுதி கறுத்து அழுகி, கிட்டத்தில் குனிந்தாலே நாறும்.

வயிற்று வலி வந்துவிட்டால், அதாவது குதிரை தரையைக் காலால் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால், தீனியை எடுத்துவிடுங்கள். அமைதியாக இருந்தால் மெல்ல நடத்துங்கள், சோர்ந்து விழும்வரை இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். கால்நடைகளுக்கு 2006ஆம் ஆண்டே தடை செய்யப்பட்ட டைக்ளோபெனாக் ஊசியை மருந்துக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். எங்கள் பக்கத்து மருத்துவர்கள் நாள் முழுவதும் கறவை மாடுகளைப் பார்ப்பவர்கள். "வயிறு உப்பியிருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் மாட்டின் வயிறுதான் வரும். அதனால் அழைக்கும் முன் குதிரையின் நாடியைப் பாருங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் சிறு கயிறு போல ஒரு நாளம் உருளும். அதன் துடிப்பைப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 இயல்பு. 60ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பா, வெளுத்ததா, கருஞ்சிவப்பா என்று பாருங்கள். கடைசியாகச் சாணம் போட்டது எப்போது, முந்தின நாள் என்ன தின்றது என்பதோடு, நீங்கள் ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தாலோ ஊசி போட்டிருந்தாலோ திட்டு விழும் என்று பயப்படாமல் அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஊசியின் அளவையும், மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அப்போதே வண்டி பிடிக்க வேண்டுமா என்பதையும் அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.