பழைய பிரெஞ்சு மண் ஜாடிகள்: வாங்கியவர்கள் செய்யக் கூடாதவை

தென்மேற்குப் பிரான்சின் பழைய கொன்ஃபி ஜாடியைப் பார்த்திருக்கிறீர்களா? மேல்பாதி கடுகு மஞ்சளில் பளபளக்கும். கீழ்ப்பாதி பூச்சே இல்லாத வெறும் சுடுமண். உப்பிட்ட வாத்துக்கறியை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து இதில் அடுக்குவார்கள். மேலே கொழுப்பை ஊற்றி உறையவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. இந்தக் கறிதான் கொன்ஃபி. இவ்வளவு அழகான பொருளைச் சமையலறையில் வைக்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதில் ஊறுகாய் போடாதீர்கள்.

அந்தப் பளபளப்பே காரீயம் (lead) என்ற நச்சு உலோகத்தால் வந்தது. காரீயத் தாதுவைப் பொடித்துக் களிமண்ணோடு கரைத்துப் பூசிச் சுடுவது அன்றைய கிராமத்துக் குயவர்களின் வழக்கம். வினிகர், எலுமிச்சை, தக்காளி, ஒயின் என்று புளிப்பு எது பட்டாலும் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உணவில் இறங்கும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. பச்சைப் பூச்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பச்சைக்காகச் சேர்க்கும் தாமிரம் காரீயம் கசிவதை அதிகமாக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

“அந்தக் காலத்தில் இதில்தானே சாப்பிட்டார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிட்டார்கள், உடம்பில் சேர்ந்த காரீயத்தை அளந்து பார்க்க அவர்களுக்கு வழியில்லை. கடையில் விற்கும் சோதனைக் குச்சி நிறம் மாறவில்லை என்பதையும் நம்பிவிடக் கூடாது, அது தவறவிடுவதுண்டு. உணவுக்குத்தான் வேண்டுமென்றால், காரீயம் இல்லாத பூச்சு என்று சொல்லி விற்கும் புதுப் பாத்திரத்தை வாங்குங்கள்.

பழையதை மரக்கரண்டி போட்டு வைக்கலாம், அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். பூ வைப்பதானால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றுங்கள். நேரே ஊற்றினால் பூச்சின் மயிரிழை விரிசல் வழியாக ஈரம் இறங்கி, பூச்சில்லாத அடிப்பாகத்தில் கசிந்து, மேஜையில் வட்டக்கறை விழும்.

கறையைப் போக்க பிளீச்சில் ஊறப்போடுவது அடுத்த தவறு. அது மண்ணுக்குள் புகுந்து, உப்பாகப் பூத்து, பூச்சையே உரித்துத் தள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டால் போதும். டிஷ்வாஷர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அடியில் முத்திரை இல்லையே என்று நல்ல ஜாடியை ஒதுக்காதீர்கள். கிராமத்துச் சூளைகளில் சுட்டவை பெரும்பாலும் முத்திரை இல்லாமல்தான் வந்தன.