ஒரு மாறி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் முறை

சி மொழி கற்பிக்கும் வகுப்புகளில் நினைவகத்தின் படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது வழக்கம்: அடியில் நிரலின் கட்டளைகள், அவற்றுக்கு மேல் டேட்டா (தொடக்க மதிப்பு பெற்ற நிலையான மாறிகள்), பி.எஸ்.எஸ். (தொடக்க மதிப்பு தரப்படாத நிலையான மாறிகள்), ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் இடம்), உச்சியில் ஸ்டாக் (செயற்கூறுகளின் தற்காலிக மாறிகள்). படம் சரியானதே, எனினும் அதை மனப்பாடம் செய்த மாணவர்கூட, தாம் எழுதிய நிரலில் ஒரு குறிப்பிட்ட மாறி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தடுமாறிவிடுகிறார். லினக்ஸ் கணினியும் நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் ஜி.சி.சி. கம்பைலரும் இருந்தால் அதை அவரே சோதித்து அறியலாம்.

முதலில் ஒரு சிறு நிரலை எழுதுங்கள். எல்லாச் செயற்கூறுகளுக்கும் வெளியே, 5 என்ற தொடக்க மதிப்புடன் ஒரு முழு எண் மாறியையும், மதிப்பு ஏதும் தராமல் 10 லட்சம் முழு எண்கள் கொண்ட ஓர் அணியையும் அறிவியுங்கள். நிரல் ஓடத் தொடங்கும் மெயின் செயற்கூறுக்குள் ஒரு சாதாரண மாறி, ஸ்டாடிக் (நிரல் முடியும்வரை நிலைப்பது) என்று அறிவித்த இன்னொரு மாறி, நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறும் மாலாக் என்ற செயற்கூறு தந்த இடத்தைச் சுட்டும் ஒரு பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) ஆகியவை இருக்கட்டும். வேகத்தைக் கூட்டும் தெரிவுகள் எதையும் கம்பைலருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், சாதாரண மாறியை அது நினைவகத்துக்கு வெளியே, பிராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு இடத்திலேயே வைத்துக்கொள்ளவோ அடியோடு நீக்கிவிடவோ கூடும்.

கிடைத்த கோப்பின் மீது, பகுதிகளின் அளவைக் காட்டும் 'சைஸ்' கட்டளையை இயக்கினால், பி.எஸ்.எஸ். பகுதி 40 லட்சம் பைட்டுகளுக்குச் சற்று மேலே இருக்கும். ஒரு முழு எண்ணுக்கு 4 பைட்டு என்பதால் இது எதிர்பார்த்ததே. ஆனால் வட்டில் அந்தக் கோப்பு சில கிலோபைட்டுகளுக்கு மேல் இராது. மதிப்பு தரப்படாத பொது மாறிகள் அனைத்தும் சுழியத்தில்தான் தொடங்கும் என்பதால், எவ்வளவு இடம் வேண்டும் என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதினால் போதும். இயங்கத் தொடங்கும்போது லினக்ஸ் அந்த இடத்தைச் சுழியங்களால் நிரப்பித் தருகிறது. இப்போது அணியின் முதல் உறுப்புக்கு மட்டும் 1 என்று மதிப்பளித்து மீண்டும் கம்பைல் செய்யுங்கள். அணி முழுவதும் டேட்டா பகுதிக்கு இடம் மாறி, கோப்பும் ஏறத்தாழ 40 லட்சம் பைட்டு பெருத்துவிடும். இந்த ஒரு சோதனையை ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது, கோப்பில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்.எம்.' கட்டளை. அது தரும் பட்டியலில் பொது மாறிகளோடு, மெயினுக்குள் எழுதிய ஸ்டாடிக் மாறியும் இருக்கும். சாதாரண மாறியும் பாயின்டரும் இரா. எழுதப்பட்ட இடத்தைவிட, மாறி எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பது இங்கே தெளிவாகும். நிரல் முடியும்வரை வாழும் மாறிக்கு நிலையான இடம் உண்டு. செயற்கூறு முடிந்ததும் மறையும் மாறிக்கு, அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கில் புதிதாக இடம் ஒதுக்கப்படுகிறது.

பாயின்டரில்தான் பலரும் குழம்புகிறார்கள். பாயின்டர் என்ற மாறி ஸ்டாக்கில் இருக்கிறது. அது சுட்டும் இடமோ ஹீப்பில் இருக்கிறது. இரண்டின் முகவரிகளையும் அச்சிட்டுப் பார்த்தால், அவை வெகு தொலைவில் இருப்பது தெரியும். பாதுகாப்புக்காக லினக்ஸ் ஒவ்வோர் ஓட்டத்திலும் முகவரிகளை மாற்றிவிடும் என்பதால், நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம். மேற்கோள் குறிக்குள் எழுதும் சரம் படிக்க மட்டுமே உரிய பகுதியில் இருக்கும். பாயின்டர் வழியாக அதைத் திருத்த முயன்றால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் (அனுமதியற்ற நினைவக அணுகல்) ஏற்பட்டு நின்றுவிடும். அதே சரத்தை எழுத்து அணி ஒன்றின் தொடக்க மதிப்பாகக் கொடுத்தால், அணிக்குரிய நகலைத் தடையின்றித் திருத்தலாம்.

கடைசியாக, அந்த முழு எண் அணியைத் தொடக்க மதிப்பு ஏதும் இல்லாமல் மெயினுக்குள் கொண்டுவந்து, 30 லட்சம் உறுப்புகளாக்கி, எல்லாவற்றிலும் மதிப்பை எழுதிப் பாருங்கள். 12 மெகாபைட்டுக்கு நெருங்கிய இடம் அதற்குத் தேவை. ஸ்டாக்கின் வழக்கமான வரம்போ 8 மெகாபைட். நிரல் உடனே நின்றுவிடும். அறிவிப்பின் முன் ஸ்டாடிக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், அதே அணி பி.எஸ்.எஸ். பகுதிக்குப் போய், நிரல் சிக்கலின்றி இயங்கும்.