ஃபிளிப்பர் சோர்ந்தால் காயில்மேல் பழி போடாதீர்கள்

1980களில் சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் தயாரித்த பின்பால் இயந்திரங்களில் (பட்டனை அழுத்தி, ஃபிளிப்பர் என்ற சிறு துடுப்பால் உலோகப் பந்தை அடித்து ஆடுவது) பழுதுபார்க்கக் கை வைக்கும் புதியவர்கள் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கரண்டை நிறுத்தாமல் தொடுவது, ஃபோட்டோ எடுக்காமல் வயரைக் கழற்றுவது எல்லாம் ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

வலு இல்லை என்றதும் பெரிய காயில்

பந்து ராம்ப் எனும் சரிவுப் பாதையில் ஏறவில்லையா, உடனே வலுவான காயிலுக்கு, அதாவது ஃபிளிப்பரை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு, ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும் இ.ஓ.எஸ். (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக், வீச்சின் முடிவு) சுவிட்ச்தான்.

ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்று உண்டு. எஃப்எல்-11630 என்ற வகைக் காயில் என்றால் அடிக்கும் சுற்று ஐந்து ஓமுக்குச் சற்றுக் குறைவு, பிடித்து நிறுத்தும் மெல்லிய சுற்று சுமார் 160 ஓம். ஃபிளிப்பர் கீழே கிடக்கையில் சுவிட்ச் மூடியிருப்பதால், பட்டனை அழுத்தியதும் மின்னோட்டம் பெரும்பாலும் அடிக்கும் சுற்று வழியே போகும். 50 வோல்ட்டில் 10 ஆம்பியர் பாய்ந்து அடி விழும். மேலே போனதும் சுவிட்ச் திறக்கும், மின்னோட்டம் 0.3 ஆம்பியருக்கு இறங்கும்.

சுவிட்சின் முனைகள் கருகி 4 ஓம் தடை சேர்ந்தாலே மின்னோட்டம் கிட்டத்தட்ட பாதி. புதுக் காயில் போட்டாலும் அதே கருகல் நடுவில் நிற்கும். கூடுதல் ஆம்பியரில் பொறி பறந்து இன்னும் வேகமாகக் கருகும். சுவிட்ச் திறக்காமலே போனால் கதை வேறு: பட்டனைப் பிடித்திருக்கும் வரை 500 வாட் வெப்பம், சற்று நேரத்தில் புகை.

கரண்டை நிறுத்தி, காயிலின் ஓர முனைகள் இரண்டிலும் மீட்டரை வையுங்கள். 5 ஓமுக்குப் பதில் 8, 9 காட்டினால் சுவிட்ச்தான். சுவிட்ச் முனைகளுக்கு நடுவே காகிதம் செருகினால் 160ஐ ஒட்டி வர வேண்டும். டங்ஸ்டன் முனைகளைச் சின்ன அரத்தால் சமமாகத் தேயுங்கள். வீச்சின் கடைசியில்தான் அவை விலக வேண்டும், இடைவெளி 1.5 முதல் 3 மி.மீ. முன்னாலேயே விலகினால் அடி பாதியில் சாகும். சுவிட்சின் குறுக்கே 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எறியாதீர்கள், பொறியை அடக்குவது அதுதான்.

1992இல் வந்த ஃபிளிப்டிரானிக்ஸ் எனும் வில்லியம்ஸின் மின்னணு ஃபிளிப்பர் அமைப்பில் முனைகளுக்குத் தங்க முலாம். அங்கே அரம் பட்டால் சுவிட்ச் போச்சு. விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தால் போதும்.

காயில் ஸ்டாப்பை விட்டுவைப்பது

காயில் உள்ளே இழுக்கும் இரும்புத் தண்டுதான் பிளஞ்சர், அது போய் மோதி நிற்கும் இடம் ஸ்டாப். அடிபட்டு அடிபட்டு பிளஞ்சரின் முனை காளான்போல விரிந்து, காயிலுக்குள் இருக்கும் ஸ்லீவ் எனும் குழாயைச் சுரண்டும். ஸ்டாப் தேய்ந்தால் வீச்சும் நீளும். எனவே ஸ்டாப், லிங்க்கோடு (ஃபிளிப்பரோடு இணைக்கும் துண்டு) பிளஞ்சர், ஸ்லீவ் மூன்றையும் மாற்றிய பிறகே இ.ஓ.எஸ். சுவிட்சைச் சரிசெய்யுங்கள், முந்திச் செய்தால் இரட்டை வேலை. பழைய ஸ்லீவ் சூட்டில் உருகி வெளியே வர மறுத்தால் காயிலை மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

ஃபிளிப்பரை ஒட்ட இறுக்குவது

மேலும் கீழும் 0.8 மி.மீ. ஆட்டம் விடுங்கள். இல்லாவிட்டால் ஃபிளிப்பரின் அச்சு சுழலும் நைலான் புஷிங்கில் உரசி, மேலேயே நின்றுவிடும்.

எண்ணெய்

ஃபிளிப்பரின் பாகங்களுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் புதுசு

இடது, வலது ஃபிளிப்பர் இரண்டின் பாகங்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.