இருத்தலியல் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

'அறிவை ஓரங்கட்டு, மனசு சொல்வதைக் கேள்' என்பதுதான் இருத்தலியல் (தனிமனிதன் எப்படி இருக்கிறான், எதைத் தேர்கிறான் என்று கேட்கும் தத்துவம்) என்று முடிவுகட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பது முதல் தவறு. என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1935இல் ஆற்றிய உரைகளின் தலைப்பே 'பகுத்தறிவும் இருப்பும்'. இருப்பு, அதாவது ஒருவன் தன் வாழ்வைத் தானே தேர்ந்து வாழும் நிலை, தெளிவடைவது பகுத்தறிவால், பகுத்தறிவுக்குச் சத்து கிடைப்பது இருப்பிலிருந்து என்கிறார். அறிவை விரட்டுகிறவர் பேசும் பேச்சா இது?

சரி, அப்புறம் அறிவோடு என்னதான் தகராறு? பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945 பாரிஸ் உரையில் சொன்ன மாணவனை எடுத்துக்கொள்வோம். அண்ணன் 1940 ஜெர்மானியத் தாக்குதலில் செத்துப்போனான், அம்மாவுக்கு இவனை விட்டால் ஆளில்லை. இங்கிலாந்துக்குப் போய் ஜெர்மனியை எதிர்க்கும் பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? அயலானை நேசி என்கிறது கிறிஸ்தவம். அம்மாவையா, போராளியையா என்று அது சொல்லவில்லை. யாரையும் வெறும் கருவியாக்காதே என்கிறார் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட், ஆனால் எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கத்தில் யாரோ கருவியாகிவிடுகிறார்கள். இதுவரை படித்துவிட்டு 'பார்த்தாயா, விதிகள் உதவாது, உணர்ச்சிதான் வழி' என்று மூடிவைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தவறவிடுகிறார்கள். அங்கே உணர்ச்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை: அம்மாவோடு தங்குமளவு பாசம் இருக்கிறது என்பது தங்கிய பிறகுதானே தெரியும், அதையே தங்குவதற்குக் காரணமாக எப்படிக் காட்டுவது?

டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்டிடம் வேறு வகைக் கண்ணி. 1843இல் வந்த 'அச்சமும் நடுக்கமும்' நூலை அவர் தன் பெயரில் வெளியிடவில்லை; அதைச் சொல்பவர் யோஹன்னஸ் தெ சிலென்ஷியோ என்ற புனைபெயர்க்காரர், கடவுள் கேட்டதற்காக மகனையே பலியிடத் துணிந்த பைபிள் ஆபிரகாமைக் கண்டு வியக்கிறேன், ஆனால் எனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்பவர். அந்த ஆள் சொன்னதையெல்லாம் 'கீர்க்கெகார்டின் கொள்கை' என்று மேற்கோள் காட்டுகிறோம். மேற்கோள் காட்டினால் புனைபெயரையே போடுங்கள் என்று 1846இல் அவரே கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்!

எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் வேண்டாம். ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கரையும் இருத்தலியலாளர் என்று சார்த்தர் தன்னோடு சேர்த்துப் பேசினார்; அதை ஹைடெக்கர் 1947இல் அச்சான கடிதத்தில் மறுத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு அந்த முத்திரையே வேண்டாம் என்றார்.

காம்யு என்றதும் அபத்தம் நினைவுக்கு வரும். அதை 'எல்லாம் வெட்டி' என்று படிப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, நானும் வெகுநாள் அப்படித்தான் படித்தேன். அவர் கணக்கில் அபத்தம் உலகத்தில் மட்டும் இல்லை, மனிதனிடம் மட்டும் இல்லை. விளக்கம் கேட்டு நச்சரிக்கும் அறிவும் பதிலே பேசாத உலகமும் மோதிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அறிவைத் தூக்கிப் போட்டுவிட்டால் மோத ஆளில்லை, அபத்தமும் இல்லை.