அந்தரங்கப் படம் வெளியே போனால்: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

அனுமதியில்லாமல் அந்தரங்கப் படம் பரவுகிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, சாட் முழுவதையும் அழித்து, நம்பரை பிளாக் செய்து, தன் கணக்கையே மூடிவிடுவது. கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றும். ஆனால் அழிந்தது உங்கள் பக்கம் மட்டுமே. எதிராளியின் போனில் படம் அப்படியே இருக்கிறது. அனுப்பியது யார், மிரட்டியது யார் என்று காட்ட உங்களிடம் இருந்த தடயம்தான் போய்விட்டது. முதலில் சேமிக்க வேண்டும், பிறகு புகாரும் நீக்கக் கோரிக்கையும். பிளாக் செய்வது கடைசி வேலை. சாட்டில் மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் அதை உடனே அணையுங்கள். அணைப்பதற்கு முன் வந்தவை மறைந்துவிடும் என்பதால் அவற்றை அப்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் நம்பரை ஒரு பெயரில் சேமித்திருந்தால் சாட்டின் மேலே அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். அப்படி எடுத்த நாற்பது ஸ்க்ரீன்ஷாட்டிலும் போன் நம்பர் இருக்காது. பெயரைத் தொட்டு, நம்பர் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். இன்ஸ்டாகிராமில் காட்சிப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் புரொஃபைலின் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். டெலிகிராமில் குரூப்பின் லிங்க், அந்த மெசேஜின் லிங்க் இரண்டும் வேண்டும். புரொஃபைலில் தொடங்கிப் பதிவு வரை ஒரே ஓட்டமாக ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்தால் இன்னும் நல்லது. தேதியும் நேரமும் அதில் தெரிய வேண்டும்.

அந்தப் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழும் வைக்க வேண்டும். ஒரு பகுதியை நகலைத் தருபவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் இதெல்லாம் சுலபம்.

'படத்தை நானே தானே அனுப்பினேன், கேஸ் எப்படி நிற்கும்?' என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 77-ஆம் பிரிவின் விளக்கம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது: எடுக்கச் சம்மதித்த பெண், மற்றவருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம்தான். முதல் முறை தண்டனை 1 முதல் 3 ஆண்டு, மறுமுறை 3 முதல் 7 ஆண்டு. இந்தப் பிரிவு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மட்டும். அதைப் பார்த்து ஆண்களுக்குச் சட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்), 67ஏ (முதல் முறை 5 ஆண்டு வரை, 10 லட்சம் வரை) இரண்டும் யாருக்கும் பொருந்தும்.

புகார் மனுவில் 'தவறான படம் போட்டுவிட்டார்' என்று மழுப்பி எழுதினால் வழக்கு அங்கேயே இளைத்துவிடும். 66இ அந்தரங்க உறுப்புகளை, வெறுமையாகவோ உள்ளாடையோடோ, காட்டும் படத்துக்குத்தான் வரும். 67ஏ பாலுறவுச் செயலைக் காட்டும் படத்துக்கு. படத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பிரிவு போடுவார்கள், எனவே அதை ஒரே வரியில் நேராக எழுதுங்கள். படத்தைக் காட்டிப் பணம் கேட்டிருந்தால் நியாய சன்ஹிதாவின் 308 (பறித்தல், 7 ஆண்டு வரை), மிரட்டியிருந்தால் 351. தொகை, தேதி, யுபிஐ ஐடி எல்லாம் மனுவிலேயே வரட்டும்.

பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்பது நடக்காத காரியம். கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்ததும் அடுத்த தொகை கேட்பார்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு மாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

காவல் நிலையத்தில் 'இது எங்கள் எல்லை இல்லை' என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவுக் குற்றம் என்றால் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். கையில் சிஎஸ்ஆர் ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) தந்தால் விஷயம் முடிந்ததாக எண்ண வேண்டாம், அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அந்தப் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்னால் பார்க்க முடியாது. வழக்கு வேண்டும் என்றால் பெயரோடு கொடுங்கள். வக்கீல் செலவு பயமுறுத்தினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். எண் 15100.

நீக்குவதற்கு ஆப்பில் உள்ள 'ரிப்போர்ட்' பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, படத்தில் இருப்பது நான்தான், சம்மதம் தரவில்லை என்று ஒவ்வொரு லிங்க்கையும் குறித்து எழுதுங்கள். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு 24 மணி நேரக் கெடு வைத்தன, பிந்தைய திருத்தம் அதையும் சுருக்கிவிட்டது. மார்ஃபிங் செய்த படத்துக்கும் இதே விதிதான். தேடல் முடிவிலிருந்து நீக்க கூகுளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 'ஸ்டாப் என்சிஐஐ' தளம், 18 வயது நிறைந்தவரின் படத்துக்கு அவரது கருவியிலேயே ஒரு ஹேஷ் எண்ணை (படத்தின் கைரேகை போன்ற அடையாளம்) உருவாக்கி, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை. ஒருமுறை நீக்கியதோடு ஓய்ந்துவிடவும் கூடாது. 2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில், அவரது அந்தரங்க வீடியோவை 48 மணி நேரத்துக்குள் முடக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் வீடியோ வேறு தளங்களில் முளைத்தது.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் மேலே சொன்ன சேமிப்பு யோசனை செல்லாது. ஆதாரத்துக்காக என்று அந்தப் படத்தை உறவினருக்கோ வக்கீலுக்கோ ஃபார்வர்டு செய்யாதீர்கள். வைத்திருப்பதும் அனுப்புவதும் போக்சோவில் சிக்கலாகும், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொன்னது. போனை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பெரியவர்களின் படம் என்றாலும் 'பாருங்கள், என்ன அநியாயம்' என்று குடும்பக் குரூப்பில் போட்டால், போட்டவரும் 67ஏ-வில் வரக்கூடும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது இன்னொன்று. 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 3 ஆண்டு அவகாசம் உண்டு, 67ஏ-வுக்கு அந்தக் கெடுவே இல்லை. ஆனால் நீக்கிய பதிவின் விவரத்தையும், மூடிய கணக்கின் பதிவுத் தகவலையும் தளங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது 180 நாள்தான். எதிராளி இன்று கணக்கை மூடினால் அந்த 180 நாள் இன்றே ஓடத் தொடங்கிவிடும்.